கப்பலுக்கு ஒரு பொட்டு

போன வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் தாமதமாகக் கிளம்பியது. இன்ஜின் கோளாறு இல்லை. புயல் எச்சரிக்கை இல்லை. ஒரு பெண்பிள்ளை பிடிவாதம் பிடித்தாள் — அவ்வளவுதான்!

அடியேன் பகலில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் பேனா தேய்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்கு நித்தம் போகிறேன். ஆனாலும் கப்பல் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்றைக்கும் வாய் பிளந்துவிடுகிறது. இத்தனை இரும்பு எப்படி ஐயா மிதக்கிறது? புஸ்தகத்தில் விடை இருக்கிறது. கண்ணுக்கு அது போதவில்லை.

பிடிவாதம் பிடித்த அஞ்சலைக்கு அந்தப் பிரமிப்பெல்லாம் இல்லை. ராயபுரத்து மீனவக் குடும்பம். அவள் புருஷன் கோவிந்தன் கட்டுமரத்தை விட்டுவிட்டு, இந்தக் கப்பலில் கரி தள்ளும் வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். வழியனுப்ப வந்தவள் ஏணியடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

"அணியம் எங்க கீது சாமி?" என்று என்னைக் கேட்டாள். படகின் முன்மூக்கை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "மஞ்சா குங்குமம் வெக்காத எதுலயும் எங்க வூட்டு ஆளு கடலுக்குப் போனதில்ல. வெச்சா போவட்டும். இல்லாட்டி இந்த வேலயே வாணாம்."

காட்டினேன். அது எங்கேயோ உயரத்தில், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து எட்டவே எட்டாது. கோவிந்தன் முகம் செத்துப்போயிற்று. அவன் ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார். இந்த வேலைக்காக அவன் எங்கள் ஆபீஸுக்கு நடையாய் நடந்ததை நான்தானே பார்த்தேன்?

கூச்சல் கேட்டுக் காப்டனே இறங்கி வந்தார். வெள்ளைக்காரர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்... சிரிக்கவில்லை.

"இந்தக் கப்பலைத் தண்ணீரில் இறக்கிய அன்றே எங்கள் ஊர்ச் சீமாட்டி ஒருத்தி சடங்காக இதன் மூக்கில் ஒயின் பாட்டில் உடைத்துவிட்டாள். அது போதாதா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

"அது அப்ப ஏறுனவங்களுக்கு. எங்க வூட்டு ஆளு இப்பத்தான ஏறுது?"

காப்டன் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மேலே திரும்பி உத்தரவு போட்டார். பெயிண்ட் அடிக்கிறவர்கள் உட்கார்ந்து தொங்கும் பலகை கயிற்றில் இறங்கியது. அதில் கோவிந்தன், மடியில் மஞ்சள் குங்குமத்தோடு!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடாரத்துக்குப் போன மரக்கலங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ராஜா பெயர் இருக்கும், படைபலம் இருக்கும். கிளம்புமுன் கரையில் வந்து நின்ற பெண்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவர்கள் வராமலா இருந்திருப்பார்கள்?

அஞ்சலை தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேல்தட்டு ஓரமாய்க் கரி தள்ளுகிறவர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலபார்க்காரர்கள், சிட்டகாங் பாய்மார்கள்.

"இவங்க வூட்டுப் பொம்பளைங்க ஆரும் வர்லியா?"

"அவர்கள் ஊரெல்லாம் எங்கேயோ இருக்கிறதம்மா."

சட்டென்று வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள். "யோவ்! பெருசா வையி! எல்லாருக்கும் சேத்து வையி!"

என்ன சொல்கிறாள் என்றார் காப்டன். சொன்னேன். "எல்லாருக்கும் என்றால்... எனக்குமா?"

அதையும் அவளிடம் கேட்டேன்.

"பின்ன? அவரு மட்டும் இன்னா, நடந்தா போறாரு?"

மொழிபெயர்த்தேன். காப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.