சொல்லாத விண்ணப்பம்

பாறசாலை ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பும்போது எங்கள் அடுக்களையில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கும் சத்தம்தான். போன வருஷம் இடவ மாத மழையில் அது என்னைக் கூப்பிடத் தொடங்கியது.

அன்பானவர்களே, இப்போதும் அதைக் கேட்கிறேன். இப்போது அது வெறும் வண்டி. அந்த வித்தியாசத்தை உங்களிடம் சொல்லவே எழுதுகிறேன்.

அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் ராஜனுக்கு நெஞ்சடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் உடனே பணம் கட்டச் சொன்னார்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். சம்பளக் கணக்கைக் காட்டி வாங்கிய இரண்டு கிரெடிட் கார்டுகள் பையில் இருந்தன. இரண்டையும் தேய்த்தேன். அவர் உயிரோடு வீடு திரும்பினார். இன்சூரன்ஸ் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன். தையல் ஆறாத நெஞ்சின்மேல் கடனை எப்படி இறக்கி வைப்பது?

மாதாமாதம் 'மினிமம்' என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். கட்டாவிட்டால் ஆள் வருவான், ஊர் அறியும். ஆனால் மாதத்துக்கு மூன்றரை வட்டி. நான் கட்டியது வட்டியின் வாய்க்கே போதவில்லை. மழைக்காலத்துக் கிணறு போலச் சத்தமில்லாமல் ஏறியது கடன். என் வளையல் போனது. மகள் நர்சிங் சேர வேண்டிய வருஷமும் போனது. "அடுத்த வருஷம் போறேன் அம்மா" என்றாள். அப்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜெபித்தேனா? ஜெபித்தேன். புதன்கிழமை வீட்டு ஜெபங்களில் அவரவர் தேவையைச் சொல்லுவோம் அல்லவா? வாயால் சொல்ல முடியாததைச் 'சொல்லாத விண்ணப்பம்' என்று வைப்போம். யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். ஒரு வருஷமும் நான் அதையே வைத்தேன். பாயில் இருந்த அத்தனை பேரும் எனக்காகக் கண்ணீரோடு மன்றாடினார்கள். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. வானம் ஏன் இரும்பாக இருக்கிறது என்று நான் தேவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கர்க்கடக மாதம் பிறந்தது. மழையில் ராஜனின் ரப்பர் பால்வெட்டு வேலை நின்றது. வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய மினிமத்துக்குக்கூட வழியில்லை. கடைக்குப் போக வண்டிக்கு நிற்கும்போது பிளாட்பாரத்தின் சுவரோரம் ஒட்டி நின்றேன். விளிம்புக்குப் போக என்னை நானே நம்பவில்லை.

அந்தப் புதன்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் சிரித்தார்.

"சுகந்திக்கு அந்தச் சொல்லாத விண்ணப்பந்தானே? எனக்கு அது மனப்பாடமாக்கும். கர்த்தருக்கும் கேட்டுக் கேட்டுச் சலிச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் வண்டி கிளம்பியது. அடுக்களையில் பாத்திரங்கள் நடுங்கின. ஆமாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"கடன்" என்றேன். "ரெண்டு கார்டிலயும். அவருக்க ஆப்பரேஷனுக்கு. வெள்ளிக்கிழமை கட்ட பைசா இல்ல. எனக்கு ஸ்டேஷனுக்குப் போகப் பயமா இருக்கு."

அந்த வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. திறந்தது என் வாய், திறந்தவர் வேறொருவர். அப்படித்தான் நம்புகிறேன்.

என் பக்கத்தில் முக்காடிட்டு இருந்தவள் ஷைனி. அடுத்த வீட்டுப் பெண், ஒரு பாங்கில் கார்டு பிரிவில் வேலை. அவள் முக்காட்டை இழுத்துத் தள்ளினாள்.

"எக்கா! ஒரு வருஷமா இதுக்காக்கும் நான் முட்டுக்குத்தி ஜெபிச்சேன்? பகல் முழுக்க நான் பாக்குத வேலையே இதுதானே!" கோபத்தில் அவளுக்கு அழுகை வந்தது. "ஒரு மாசமாவது கட்டாம முடங்கிச்சா?"

"இல்ல."

"அப்பம் வழி உண்டு. இந்த வெள்ளிக்கிழமை முடங்கியிருந்தா ஒரு பாங்கும் திரும்பிப் பாத்திருக்காது."

ராஜன் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, "இன்சூரன்சுன்னு சொன்ன" என்றார். பிறகு எழுந்து அடுக்களைக்குள் போனார். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். விற்று ஓடு மாற்ற வைத்திருந்தவை. மறுநாள் அவையெல்லாம் ரப்பர் கடைக்குப் போயின. அந்த மாத மினிமம் கட்டினோம். அந்த மழைக்காலம் முழுக்க வீடு ஒழுகியது.

ஷைனி காட்டிய வழிக்கு 'பாலன்ஸ் டிரான்ஸ்பர்' என்று பெயர். வேறொரு பாங்கு இரண்டு கார்டுக் கடனையும் தன் கார்டுக்கு ஏற்றுக்கொள்கிறது. குறைந்த வட்டி, மாதத் தவணை, கட்டி முடிக்க ஒரு காலக்கெடு. அதற்கும் கட்டணம் உண்டு. ஒரு தவணை தவறினால் பழைய வட்டி திரும்ப வந்து உட்காரும். "இது கடன் மாப்பு இல்ல எக்கா, மூச்சு விடுததுக்குக் கொஞ்சம் நேரம், அவ்வளவுதான்" என்றாள்.

மாற்றிய அன்று பழைய கார்டுகளில் கடன் ஒன்றுமில்லாமல் ஆனது. செலவழிக்க வாருங்கள் என்று உடனே செய்தி வந்தது. கை துடித்ததை மறைக்க மாட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் நின்றது. ராஜன் பால்வெட்டும் கத்தியால் இரண்டையும் கீறிப் போட்டார். கீறினால் போதாது என்று, பாங்கில் எழுதிக் கொடுத்துக் கணக்கையே மூட வைத்தாள் ஷைனி.

கடன் தீர்ந்தது என்று சொல்ல வரவில்லை. இன்னும் உண்டு. எங்கள் வீட்டில் மீன் வாசனை எப்போதாவதுதான். மகள் ஒரு வருஷம் பிந்தி இப்போது படிக்கிறாள், அந்த வருஷத்தை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இப்போது கட்டுவதெல்லாம் கடனில் குறைகிறது. ராஜனிடம் மறைக்க ஒன்றுமில்லை. பிளாட்பாரத்தில் எல்லோரையும் போல நிற்கிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஒரு வருஷமாக நான் கேட்ட உதவியை அவர் என் பாயிலேயே, என் தோளை உரசும் தூரத்தில் உட்கார வைத்திருந்தார். இதை வாசிக்கிற உங்களிடமும் அப்படி ஒன்று அடைபட்டுக் கிடந்தால், அதற்குப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழட்டும்.

சென்ற மாதம் ஷைனிக்குக் கல்யாணமானது; அவளைக் கோட்டயத்துக்கு வண்டி ஏற்றிவிடப் போனேன். மாப்பிள்ளை உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

"எக்கா, இனி சொல்லாத விண்ணப்பம்னு வச்சியன்னா, அங்க இருந்து வந்து அடிப்பேன்."

"வைக்க மாட்டேன் மக்கா."

வண்டி அசைந்தது. அவள் சிரிப்பு நின்றது. குனிந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் ஒண்ணு உண்டு எக்கா. போய்ச் சேந்து சொல்லுதேன்."

நான் கூடவே நடந்தேன்.

"போய்ச் சேரண்டாம் மக்கா. இப்பமே சொல்லு."