தோளில் சுமந்த கன்று

வேலையை விடுவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. காரைக்காலில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். கப்பலில் கரி அள்ளுவதை விட்டேன். சைகோன் துறையில் அரிசி மூட்டை தூக்குவதையும் விட்டேன். யாரிடமும் காரணம் சொல்லிக்கொண்டு நின்றதில்லை. ஒரு நாள் எழுந்ததும் கால் வேறு பக்கம் போகும், நானும் கூடவே போய்விடுவேன். நகரத்துக்கு வெளியே, கல்லறை வெளியோரம் இருந்த பால் கொட்டகையை மட்டும் அப்படி விட முடியவில்லை. ஒரு கன்றுதான் காரணம்.

கொட்டகைக்காரர் திருநள்ளாற்றுப் பக்கத்துக்காரர். முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார், அண்ணே என்றால்தான் திரும்புவார். நான் காய்ச்சலில் துறைமுகத்துச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தபோது தூக்கிக்கொண்டு வந்து கஞ்சி ஊற்றியவர் அவர்தான். கூலி பேசவில்லை. மூன்று வேளைச் சோறு, அதோடு வாரம், அதாவது ஈற்றில் பங்கு. ஊரில் மாட்டை வாரத்துக்கு வளர்ப்பதுபோலவே இங்கும். செவலைப் பசுவின் முதல் ஈற்று அவருக்கு, இரண்டாவது எனக்கு. அதுவரை ஒரு பாயும் ஒரு பேனாக்கத்தியும்தான் என் சொத்து. அந்த இரண்டாவது ஈற்றுக்காக நான் ஒரே இடத்தில் காத்திருந்தது எனக்கே புதிதாக இருந்தது.

மாடுகளைக் கல்லறைகளுக்கு இடையில்தான் மேய்த்தோம். அந்த நாட்டுக்காரர்களான அன்னாமியரின் பழைய சமாதிகள், வட்டமாகச் சுவர் கட்டியவை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மழைக்காலத்தில் அந்தச் சுவர்களுக்குள் புல் நன்றாக வளரும். மாடு தலையைக் குனிந்து மேய்ந்தால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும்.

செவலை இரண்டாவது முறை ஈன்றது. கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதற்கு நானே கயிறு திரித்துக் கட்டினேன். புல்லைக் கடிக்கப் பழகிய சமயத்தில் ஒரு நண்பகல், சமாதிச் சுவர் ஒன்றின் நிழலில் அது படுத்திருந்தது. கூப்பிட்டேன். எழவில்லை. வயிறு உப்பியிருந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் ஒழுகி, உறையாமல் நின்றது.

அண்ணன் வந்து பார்த்தார். பிறகு, "போய்க் கத்திய எடுத்துக்கிட்டு வா" என்றார்.

"புதைச்சுடலாம்ணே."

"புதைச்சுட்டு? கன்னு இல்லாம இந்தச் செவலை சொரக்குமா? ஒங்கப்பனா வந்து மடியில முட்டுவான்?"

ஊரில் எங்கள் தெருவில் செத்த மாட்டை யாரும் தொட்டதில்லை. சேதி சொல்லி அனுப்பினால் ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள் வந்து தூக்கிப் போவார்கள். கன்றுத் தோல் வேண்டுமென்றால் அவர்களே உரித்து, வைக்கோல் திணித்து, தைத்துக் கொண்டுவந்து தருவார்கள். எதை உரித்தார்கள், எதை உரிக்காமல் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. சைகோனில் அவர்கள் இல்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே உட்கார்ந்தார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். பழக்கமில்லாத கை, கத்தி வழுக்கி அவர் மணிக்கட்டில் லேசாகக் கீறியது. "ஒண்ணுமில்ல, பிடி" என்றார்.

தோலைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்தோம். நான்கு மூங்கில் குச்சிகள் கால்களாயின. நெற்றிச் சுட்டி அப்படியே இருந்தது. அண்ணன் சந்தைப் பக்கத்து மாரியம்மன் கோயிலிலிருந்து குங்குமம் வாங்கிவந்து அந்தச் சுட்டிக்குக் கீழே வைத்தார்.

மறுநாளிலிருந்து காலையில் செவலையைப் பிடித்துக்கொண்டு, என் கன்றைத் தோளில் சுமந்துகொண்டு வாடிக்கை வீடுகளுக்கு நடந்தேன். கண் முன்னே கறந்தால்தான் பால் என்பார்கள் எங்கள் வாடிக்கைக்காரர்கள். வாசலில் பசுவை நிறுத்தி, வைக்கோல் கன்றை அதன் முகத்தருகே வைப்பேன். செவலை முகரும். நக்கும். மடியில் பால் இறங்கும். நான் உட்கார்ந்து கறப்பேன்.

புதுச்சேரிக் குமாஸ்தா ஒருவரின் மனைவிதான் எங்களுக்கு முதல் வாடிக்கை. படியில் சொம்போடு நிற்பார்.

"என்னப்பா, ஒன் கன்னுக்குட்டி ரொம்ப சமத்து. துள்ளாம நிக்குது."

"ஆமாங்கம்மா. தீனியும் கேக்காது."

"எங்க வீட்டு மிஸ்ஸியேவையும் இப்படி ஒண்ணு தைச்சுக் குடு. நாற்காலியில உக்கார வச்சுட்டு நான் ஊருக்குப் போயிட்டு வரேன்."

தம் கணவரைத்தான் சொன்னார். சிரித்தோம். எதிர்ப்பக்கம் கீரை விற்கும் அன்னாமியப் பெண் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருமே அவர்களுக்கு 'ஏழாம் அண்ணன்'தான். யார் வைத்த பெயரோ. என்னைக் கண்டால் அவள் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஒரு நாள் தூரத்திலிருந்தே தன் பாஷையில் சொன்னாள்: "ஏழாம் அண்ணே, அந்தக் கன்னு வீட்டுக்குப் போகக் கேக்குது. விட்டுடு."

மழை பிடித்தது. தோல் ஈரம் ஊறிக் கனத்தது, நாறியது. ஈக்கள் என்னோடு தெருத்தெருவாக வந்தன. மாலையில் கொட்டகை மூலையில் அதைச் சாய்த்து வைப்பேன். மற்ற மாடுகளும் கயிறு எட்டும்வரை வந்து அதன் உப்பை நக்கும். நக்கட்டும் என்று விட்டிருந்தோம்.

முதலில் கறுப்புப் பசு போயிற்று. காலையில் கறந்தது, உச்சிவெயிலில் விழுந்தது. அதே உப்பிய வயிறு, மூக்கில் அதே ரத்தம். அண்ணன் சமாதிகளைக் காட்டித் திட்டினார், தேங்காய் உடைத்தார். அடுத்து விழுந்தது ஒரு கிழட்டுப் பசு. மூலையில் கன்றுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த மாடுகள் அவை இரண்டும். இதை நான் அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப செவலை ஏன் சாவல? தெனம் நக்குறது அதுதானே?"

ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த வாரத்தில் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். கத்தி கீறிய இடத்தில் ஒரு கொப்புளம். நடுவில் கரித்துண்டு ஒட்டியதுபோலக் கறுப்பு, சுற்றிலும் வீக்கம்.

"வலிக்குதாண்ணே?"

"வலியே இல்லடா. அமுக்கிப் பாரு. வலிச்சாத்தானே நோவு?"

அமுக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் தொடவில்லை. அன்று குளிக்கும்போது என் தோளைத் தடவித் தடவிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாததால் பின்பக்கம் தெரியவில்லை. வலிக்காத இடத்தைத்தான் தேட வேண்டும் என்றால் உடம்பு முழுவதும் அப்படித்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே. நானும் கூட வரேன்."

"போனா? எங்க கிழிச்சேன்னு கேப்பான். அப்பறம் வெள்ளக்கார மாட்டு டாக்டர் வந்து அத்தனையும் வரிசையா நிக்க வச்சுச் சுட்டுட்டுச் சுண்ணாம்பைக் கொட்டிட்டுப் போவான். இருவது வருசம்டா. எதை வச்சு நான் மறுபடி ஆரம்பிப்பேன்?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒனக்குக் கன்னுதானே கவலை? செவலை அடுத்து ஈனுறதும் ஒனக்குத்தான். அதுக்கடுத்ததும் எடுத்துக்க."

பொய் சொல்லவில்லை, கொடுத்திருப்பார். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் சில நாள் நடந்தேன். ஒரு காலை குமாஸ்தா வீட்டு வாசலில் செவலையின் முன் கன்றை வைத்தேன். ஒரு காதின் தையல் விட்டு வைக்கோல் வெளியே தள்ளியிருந்தது. செவலை அந்த வைக்கோலை உருவித் தின்றது. தின்றுகொண்டே பாலையும் விட்டது. என் கை மடிக்குப் போனது, கறந்தும்விட்டேன். எனக்கும் அண்ணன் அப்படித்தான் ஒன்றை முன்னால் வைத்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. நானும் தின்றுகொண்டுதான் இருந்தேன்.

அம்மாள் சொம்பை நீட்டினார். நான் ஊற்றவில்லை.

"இனிமே இந்தப் பால் வேணாங்கம்மா."

"ஏன்? இன்னிக்குத் தண்ணி அதிகமாயிடுச்சா?"

"மாட்டுக்கு நோவு. ரெண்டு செத்துப்போச்சு."

அவர் என்னைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், தம் சொம்பைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பாலைச் சாக்கடையில் கொட்டினேன். மற்ற வீடுகளுக்கும் போய் அதையே சொன்னேன். கடைசி வீட்டில் சொல்லி முடித்ததும், இனிமேல் அண்ணனுக்கு வாடிக்கை என்று யாரும் இல்லை என்பது உறைத்தது. சொன்னவன் நான் என்று அவருக்குத் தெரியத்தான் வேண்டும். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று கொட்டகைக்குத் திரும்பினேன். செவலையைக் கட்டினேன். வைக்கோல் கன்றை முற்றத்தில் இருந்த குப்பைக்குழியில் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். ஈரத்தில் அது சரியாக எரியவில்லை, புகைந்தது.

அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் இருந்தார். புகை வருவது அவருக்குத் தெரிந்திருக்கும். நான் சுற்றிக்கொண்டு போனேன். எல்லா வீட்டிலும் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டேன், கன்றையும் கொளுத்திவிட்டேன், நான் போகிறேன், நீங்களும் இப்போதே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் முன்னால், மூக்கில் அதே ரத்தத்தோடு, இன்னொரு கன்று செத்துக் கிடந்தது. காலையில் நான் கிளம்பியபோது அது தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய இடது கை முழங்கை வரை வீங்கி, விரல் மடங்காமல் மடியில் கிடந்தது. கத்தி வலது கையில் இருந்தது.

"போறதுன்னா போ" என்றார், சாதாரணமாக. "இந்தக் காலை மட்டும் கொஞ்சம் பிடிச்சுட்டுப் போடா. ஒத்தக் கையால முடியல."

நான் பிடிக்கவில்லை. கத்தியை வாங்கிவிடலாம் என்று குனிந்தேன். அவர் அதை என் பக்கம் திருப்பினார். கோபமாக இல்லை, மாடு தன் தீனித்தொட்டியை மறைத்துக்கொள்வதுபோல. அவர் முகம் வெந்ததுபோல் சிவந்திருந்தது. பின்னால் நகர்ந்தேன்.

பாயைக்கூட எடுக்காமல் கல்லறைகளுக்கு நடுவே நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் தமிழ் தெரிந்த காவலாளி ஒருவரிடம் இடத்தையும் மாட்டு நோவையும் சொல்லி, ஆள் அனுப்பச் சொன்னேன். உன் பெயர் என்ன என்று கேட்டார். தோளைக் காட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன். அவர் ஏற்கெனவே இரண்டடி தள்ளிப் போயிருந்தார்.