மீனுக்குப் போட்ட சோறு

செம்பவாங்கில், வெள்ளைக்காரரின் கப்பல் பட்டறைக் குடியிருப்பில் நண்பர் வீட்டைத் தேடி நடக்கிறேன். வழியில் ஒரு முற்றத்தில் தமிழ்ப் பிள்ளைகள் தகர டின்களைத் தட்டுகிறார்கள். நடுவே ஒரு சீனப் பெண், மூங்கில் இலையில் பொதிந்து அவித்த சோற்றை ஆவி பறக்க ஒவ்வொரு மூக்கருகிலும் நீட்டுகிறாள்.

"எதுக்கும்மா இந்தச் சத்தம்?"

"இன்னிக்கு எங்க பெருநாள் லா," என்கிறாள் தமிழிலேயே. "முன்னாடி ஒரு நல்ல மந்திரி ஆத்துல குதிச்சுட்டாரு. மீனு அவரைத் தின்னக்கூடாதுன்னு சனங்க மேளம் தட்டி, சோத்தை அள்ளிப் போட்டாங்க."

ஆளுக்கொரு பொட்டலம் கொடுக்கிறாள். எல்லோரும் ஆவலாகப் பிரிக்கிறார்கள். ஒரு சிறுமி மட்டும் பிரிக்காமல் ஓடிப்போய், பக்கத்து ஓடையில் அதை வீசுகிறாள்.

"மீனே, இதைத் தின்னு! அவரை விட்டுடு!"

என்றோ, எங்கோ மூழ்கிய மனிதரை இந்தப் பிள்ளை இப்போது காப்பாற்றுகிறாள்.