பெண் கேட்கப் போன வண்டியும் பூட்டாத டிஃபரன்ஷியலும்

கடந்த ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை, கஞ்சிக்கோட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து மூணாறை ஒட்டிய எஸ்டேட் ஒன்றுக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி தன் மகன் பிரகாஷுக்குப் பெண் கேட்கப் போனார். மனைவி மரகதம், வேலுச்சாமியின் அக்கா, மகன், அவர் என்று நான்கு பேர் ஆகிவிட்டது. இரட்டைப்படையில் போகக் கூடாது என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மலைப்பாதையில் சொந்த வண்டியை ஏற்ற நினைப்பவர்களுக்கு அன்று நான் பார்த்தது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

பிரகாஷுக்குக் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை. அவன் விரும்பிய செல்வி அதே தொழிற்சாலையில் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். அவளுடைய பெற்றோர் எஸ்டேட் தொழிலாளர்கள், லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் வீடு. தென்னந்தோப்புக்காரரான வேலுச்சாமிக்கு அது உறுத்தல். இரண்டு வருடம் "பாக்கலாம்" என்று சொல்லி, கடைசியில் வேறு வழியில்லாமல் கிளம்பினார். கிளம்பும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வெத்தலை பாக்கு மாத்தலீன்னா திரும்பி வந்தர்லாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அந்த அடுத்த மாதம் வராது என்பது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிரகாஷ் வண்டியை எடுத்தான்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னார். அங்கே சோதனைச் சாவடி காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் போய் வரிசையில் நிற்பதில் எந்த லாபமும் இல்லை. மறையூரில் இட்லியும் தேநீரும், ஐந்து பேருக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். எஸ்டேட் பாதை பிரியும் இடம் வரை நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது மணிக்கு அங்கே இருந்தோம்.

தார் அதோடு முடிகிறது. மேலே நான்கு கிலோமீட்டர் கல்லும் சேறும். வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாடகை ஜீப் பிடித்து வரும்படி செல்வியின் அப்பா போனில் சொல்லியிருந்தார். வேலுச்சாமி இதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். அவருடையது ஃபோர் வீல் டிரைவ் வண்டி. பின் அச்சில் டிஃப் லாக், கூடவே டிராக்‌ஷன் கண்ட்ரோல். இரண்டும் உள்ள உயர்ந்த ரகத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். அதுவரை அது தென்னந்தோப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய்வந்திருந்தது.

இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. முன்பக்கத்தில் ஒரு சக்கரமும், அதற்குக் குறுக்காகப் பின்பக்கத்தில் ஒரு சக்கரமும் பிடிமானம் இழந்தன. பிரகாஷ் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் முனகியது, பிரேக் கடகடத்தது, வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வளைவில் ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுற்றும். தரையில் இருப்பது சும்மா நிற்கும். இதற்கு வைத்தியம் இரண்டு. சுற்றும் சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பிடித்து, எஞ்சினையும் அடக்குவது டிராக்‌ஷன் கண்ட்ரோல். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவது டிஃப் லாக். சில வண்டிகளில் லாக்குக்குத் தனிச் சுவிட்ச் உண்டு. இந்த வண்டியில் அது தானாகப் பூட்டும். ஆனால் ஒரு சக்கரம் மற்றதைவிட நன்றாக வேகமெடுத்துச் சுற்றினால்தான் பூட்டும். அப்படிச் சுற்றவே விடக் கூடாது என்பது டிராக்‌ஷன் கண்ட்ரோலின் வேலை. இருவரும் கடமையைச் செய்தார்கள், கோப்பு நகரவில்லை.

பிரகாஷ் கையேட்டைப் படித்திருந்தான்.

"அப்பா, டிராக்‌ஷன் கண்ட்ரோல அணைச்சுட்டு மிதிச்சா ஏறீரும்."

"காசு குடுத்து வாங்குனத எதுக்குடா அணைக்கோணும்?"

"அது இப்பத்திக்கு எடைஞ்சலா இருக்குதுங்கப்பா."

"அதுக்குத்தான் எம்பதாயிரம் சேத்திக் குடுத்தனாக்கும்? தொடாத."

மணி ஒன்பதே முக்கால். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மரகதம் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, அவன் சொல்றதயுந்தான் ஒருக்காக் கேளுங்களே" என்றார். வேலுச்சாமி இறங்கி வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். அவர் முகத்தில் கவலையே இல்லை. மலையே தன் பக்கம் பேசுகிறது என்ற திருப்தி.

மேல் சரிவில் நாலைந்து பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணே, வண்டி ஏறுதா, இல்ல அங்கனயே குடியிருக்கப் போகுதா?"

"செல்வி வீட்டுக்கு வந்தவுகடி. பொண்ணத்தான் கீழ எறக்கி விடணும் போல."

"ஓட்டுறது மாப்பிள்ளையாக்கும். யாரு பழக்கிவிட்டதோ!"

"வேற யாரு, அந்தா நிக்காகள்ல, அவுக அப்பாதான்."

சிரிப்பு சரிவு முழுக்கப் போனது. வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எறங்குடா கீழ."

எல்லோரும் இறங்கினோம். அவர் ஏறி உட்கார்ந்தார். "எங்கடா அந்தப் பொத்தான்?"

"அணைக்கக் கூடாதுன்னீங்களேப்பா?"

"இப்ப எதுக்குப் பேச்சு? காட்டு."

பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும். இழுவை கூடும் லோ ரேஞ்ச், முதல் கியர், ஸ்டியரிங் நேராக. அவர் தயங்காமல் மிதித்தார். பின்சக்கரம் சுற்றிச் சேற்றை அள்ளி வீசியது; பாதி என் சட்டைக்கு வந்தது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்கலோடு ஏறி, நிற்காமல் அடுத்த வளைவுக்குப் போய்விட்டது. நாங்கள் நடந்தே போய் ஏறிக்கொண்டோம்.

பத்தே காலுக்குச் செல்வி வீட்டு வாசல். சம்பிரதாயமாகச் சொல்ல வேலுச்சாமி மூன்று ஆட்சேபங்கள் வைத்திருந்தார் என்று மரகதம் பிறகு என்னிடம் சொன்னார். செல்வியின் அப்பா, "அந்த ரெண்டாம் வளைவுல எப்படிங்க ஏத்துனீங்க?" என்று கேட்டதில் அவற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை. டிஃப் லாக் எப்படிப் பூட்டுகிறது என்று இரண்டு தம்ளர்களை வைத்து வேலுச்சாமி விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டிவிட்டார். மணி பத்து இருபத்தைந்து.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வண்டியின் லாக் தானாகப் பூட்டுவதா, சுவிட்ச் உள்ளதா என்று வீட்டிலேயே படித்துவிடுங்கள். பல வண்டிகளில் பின் லாக் பூட்டியிருக்கும்போதும் முன் அச்சில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேலை செய்யும். அவற்றில் அதை அணைக்கத் தேவையிருக்காது. பூட்டிய அச்சோடு தார்ச்சாலையில் திரும்பாதீர்கள். சரிவில் குறுக்காகப் போகும்போது பின்பக்கம் வழுக்கும். ஏற்றம் முடிந்ததும் டிராக்‌ஷன் கண்ட்ரோலைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். இறக்கத்தில் அது வேண்டும். மழைக்கு மறுநாள் என்றால் ஜீப்பே நல்லது. எங்களுக்கு டீசல் போகவர இரண்டாயிரத்து ஐந்நூறு. சேறு கழுவ அறுநூறு.

இறங்கும்போது பிரகாஷ் ஓட்டினான். மறையூர் தாண்டினோம். பிறகு வேலுச்சாமி கேட்டார்.

"அந்தப் புள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியுமாடா?"

"ஸ்கூட்டர் ஓட்டுவாங்கப்பா."

"காரும் பழக்கிவுடு. அந்தப் பொத்தானப் பத்தி மட்டும் நாஞ் சொல்லிக் குடுத்துக்கறேன். உனக்கு வெவரம் பத்தாது."