ஆற்றுக்கு இக்கரை அண்ணாவின் மாவட்டம்

வடமராட்சிக் கடலோரம் பிறந்த எங்கள் அண்ணா, வாலிபத்தைக் கழித்தது கடலே இல்லாத ஒரு நாட்டுப்புறத்தில். ஜெர்மனி ஒன்றான பிறகு அகதியாகப் போனவரை, அதன் கிழக்குப் பகுதியில் ஒரு சிறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். தெற்கே பைன் காடு, வடக்கே கண்ணுக்கெட்டியவரை சீனி எடுக்கும் பீட் கிழங்கு வயல், ஓரமாக மூடுபனிக்குள் மெல்ல நகரும் ஆறு. முன்பு பிரபுக்களும் பின்னர் பொதுவுடைமை அரசும் ஆண்ட மண். அகதி வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஆற்றின் மறுகரை வேறு மாவட்டம். அங்கே அகதி விடுதியில் இருந்தவர்தான் அண்ணி. உறவினர் பேசிவைத்த சம்பந்தம். ஞாயிறுகளில் இருவரும் பாலத்துக்கு வருவார்கள். எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம் அண்ணா, அந்தப் பக்கம் அண்ணி. பனி இருவரையும் பாதி மறைத்திருக்குமாம். “கனவில கதைச்ச மாதிரித்தான் இருந்தது” என்பார் அண்ணி.

ஒரு குளிர்காலத்தில் அண்ணி சறுக்கி விழ, அண்ணா ஓடிப்போய்த் தூக்கினார். அவ்வழியே வந்த பொலிஸார் கண்டுவிட்டார்கள். இன்னொரு முறை தாண்டினால் வழக்கே பாதிக்கப்படும் என்று எச்சரித்தார்கள்.

“இனி வராதேங்கோ. உங்களைத் திருப்பி அனுப்பினா நான் என்ன செய்யிறது?” என்று அடுத்த ஞாயிறு அண்ணி அழுதார்.

“நான் என்ர பக்கத்திலதானே நிக்கிறன். நீர் அழாமக் கதையும்.”

சில காலத்தில் அரசாங்கம் அந்த இரு மாவட்டங்களையும் ஒன்றாக இணைத்தது. பழைய பெயர் போகிறதே என்று ஊரார் முணுமுணுத்தார்கள். அண்ணாவோ அன்று காலையே நல்ல சேர்ட் போட்டுப் பாலத்தைக் கடந்து, விடுதிக் கதவைத் தட்டினார்.

“ஒருத்தரும் மறிக்கேல்லையோ?” என்றார் அண்ணி.

“இல்லை. இப்ப நாங்கள் ஒரே மாவட்டம்.”

கலியாணம் நடந்தது. வழக்கும் நல்லபடி முடிந்தது. பின்னாளில் அண்ணா, நியூசிலாந்தில் நான் இருந்த ஆக்லாந்து நகருக்கே வந்து, அங்கே பாபகூராவில் குடியிருந்து, ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். விடுமுறை நாளில் எங்களை ஏற்றிக்கொண்டு இலக்கில்லாமல் கார் ஓட்டுவார். எங்கே போகிறோம் என்று அவர் மகள் ஆங்கிலத்தில் கேட்டால், “றோட்டு போற இடத்துக்கு” என்று சிரிப்பார்.

அண்ணா நோயுற்றபோது சோறும் கறியும் கொண்டுவந்த ஏவன்டேல் பகுதி உறவுகளுக்கும், அவரது வேலையையும் சேர்த்துச் செய்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்தும் எழும்ப மறுத்த அண்ணிக்கு, அருகிலேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்த தாதிக்கு நன்றி சொல்ல வார்த்தையில்லை. விடியும்போது அண்ணாவின் மூச்சு அடங்கியது. அண்ணி நித்திரையில் இருந்தார், கை மட்டும் அண்ணாவின் கைக்குள். அவரை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.