மச்சானுக்குக் கால் எட்டாத வண்டி

விஜயபாஸ்கருக்கு மறதி கிடையாது. அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் கறுவுகிற ஆட்களை எனக்கு ஆகாது. பாஸ்கர் அப்படியில்லை. கறுவுவதையும் வாய்விட்டுத்தான் கறுவுவான்.

ஷார்ஜா முவைலாவில் நான் ஒரு சின்ன கஃபேட்டீரியா வைத்திருக்கிறேன். ஆர்டர் வரும்வரை டெலிவரிக்காரர்கள் வாசலில் பைக்கை நிறுத்தி சாயா குடிப்பார்கள். பாஸ்கரும் அவர்களில் ஒருவன். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், வயது முப்பத்து நான்கு, ஆறடிக்கு ஒரே ஒரு அங்குலம் குறைவு. ஏழு வருடமாகக் கம்பெனி பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரார் சாப்பாட்டைச் சுமக்கிறான். தூரத்தில் வரும் பைக்கின் சத்தத்தை வைத்தே செயின் தளர்ந்திருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவான்.

இப்படிப்பட்டவனின் சொந்த வண்டி ஊரில் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர் சுரேஷ்குமார்.

இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்புதான் அது. வெயிலில் வெந்து அனுப்புகிற பணத்தில் ஊரில் வண்டி எடுப்போம். கையெழுத்துப் போட நாம் அங்கே இருக்க மாட்டோம். யார் இருக்கிறாரோ அவர் பெயரில் ஆர்சி புத்தகம் வந்துவிடும். எனக்கும் தொண்டியில் ஒரு தம்பி இருக்கிறான், ஒரு கார் இருக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் பாஸ்கர் கதை போய் என் கதையாகிவிடும், விட்டுவிடலாம்.

பாஸ்கர் அந்த நூறு சிசி வண்டியைக் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் எடுத்தான். ஒரு லீவில் அவன் ஊருக்குப் போயிருந்தபோது மகளுக்கு இரண்டு வயது. ஒரு நாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியைத் தேடினான். சுரேஷ்குமார் தெருமுனை டீக்கடையில் அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், சாவி குடுங்க. பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்று கேட்டிருக்கிறான்.

"எனக்கு இப்ப டவுன்ல ஒரு வேல இருக்குப்பா. பஸ்ல போயிட்டு வா."

"மச்சான், அது என் வண்டி."

டீக்கடையே கேட்கும்படி அவர் சொன்னாராம்: "ஆர்சி யாரு பேருல இருக்கு?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து பஸ் ஏறினான் பாஸ்கர். சந்தியா, அவன் மனைவி, பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறாள். பாதி வழியில் சுரேஷ்குமார் அதே வண்டியில் ஹார்ன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். அந்த ஹார்ன் சத்தத்தைப் பாஸ்கர் என் கடை வாசலில் நூறு தடவையாவது அடித்துக் காட்டியிருப்பான்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி லீவு வந்தது. புது வண்டி எடுக்கப்போவதாகச் சொன்னான். வாசலில் இருந்த எல்லோரும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னொரு டெலிவரிக்காரன் பழனிச்சாமி ஒரு படி மேலே போய்ப் பேனாவும் பேப்பரும் எடுத்துவிட்டான்.

"நூறுலேருந்து நூத்தியம்பதுக்குப் போ, போதும். மைலேஜ் பாரு, வெயிட்டு பாரு, பக்கத்துல சர்வீஸ் இருக்கான்னு பாரு. ரெண்டு வருசத்துக்கு ஒரு மாசம் ஓட்டப் போற, பெருசா எதுக்கு?" என்றான்.

"சீட் உயரம் எவ்வளவுன்னு மட்டும் பாரு" என்றான் பாஸ்கர்.

"உனக்கென்னய்யா, ஒட்டகம் மாதிரி நிக்கிற. எதுல வேணா உக்காரலாம்."

"எனக்கில்ல. மச்சான் அஞ்சடி ரெண்டு அங்குலம். அவருக்குக் கால் எட்டக் கூடாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. என் கடையில் சாயா போடுகிற மக்தூம் சரியாக ஐந்தடி இரண்டு அங்குலம். கல்லாவில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து பாஸ்கரிடம் கொடுத்தவன் நான்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மக்தூமைக் கூட்டிக்கொண்டு, பழைய பைக் விற்கிற ஒரு ஷெட்டுக்குப் போனோம். பாஸ்கர் ஒவ்வொரு வண்டியாக மக்தூமை ஏற்றி உட்கார வைத்தான். கால் தரையில் பதிந்தால் "மாஃபி, இது ஆகாது, எறங்கு" என்றான். நுனிவிரல் தொட்டாலும் "மாஃபி". வெயிலில் ஏழெட்டு வண்டி ஏறி இறங்கிய மக்தூம் நொந்துபோனான்.

"அஸ்கர் பாய், இதுக்கெல்லாம் சம்பளம் தனி" என்று என்னை முறைத்தான்.

கடைசியில், மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் வாங்குகிற உயரமான வண்டி ஒன்று. மக்தூமை நாங்கள் இருவரும் தூக்கித்தான் வைத்தோம். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. பாஸ்கர் குனிந்து, தொங்கும் செருப்புக்கும் தரைக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்தான். மூன்று அங்குலம்.

"கலாஸ், முடிஞ்சுது" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே கடை வாசலில் நின்று சந்தியாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"ஸ்கூட்டர் எடுங்கன்னு சொன்னேன்ல? ஜூன்ல பாப்பாவ எல்கேஜி சேக்கணும். அஞ்சு கிலோமீட்டர். வேன் நம்ம தெருவுக்குள்ள வராது. ஸ்கூட்டர்னா நானே கொண்டுபோயி விட்டுருவேன். யாரையும் கேக்க வேணாம்."

"ஸ்கூட்டர்னா மச்சானும் ஓட்டுவாரு."

"சாவி என்கிட்டதானே இருக்கும்?"

"உனக்கு அவரத் தெரியாது."

"எனக்கா தெரியாது?" என்றாள் அவள். பாஸ்கர் அதற்குள் சீட் உயரத்தை விளக்க ஆரம்பித்திருந்தான். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரியாச் சொன்னே பாஸ்கரு" என்றுதான் சொன்னேன்.

ஊரில் இறங்குகிற அன்றைக்கே வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு வெறி. அதனால் ஊர் ஷோரூமில் அதே மாடலுக்கு இங்கிருந்தே பணம் கட்டினான். கையெழுத்தைச் சந்தியா போட்டாள், ஆர்சி அவள் பெயரில் வந்தது. இந்தத் தடவை ஏமாறவில்லை என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினான்.

பழி தீர்ந்ததை வீடியோவில் பார்த்தோம். அதே டீக்கடை. "ஓட்டிப் பாருங்க மச்சான்" என்று பாஸ்கர் சாவியை நீட்டுகிறான். சுரேஷ்குமாருக்கு வேண்டாம் என்று சொல்ல மனசில்லை. எக்கி ஏறி உட்கார்கிறார், ஒரு பக்கமாகக் காலைத் துழாவுகிறார், தரை கிடைக்கவில்லை. வண்டி சாய, அவரும் கூடவே சாய்ந்து சாக்கடை ஓரம் போய் உட்காருகிறார். டீக்கடை மொத்தமும் சிரிக்கிறது. பாஸ்கர் குனிந்து, "பஸ்ல போங்க மச்சான்" என்கிறான்.

என் கடையில் அதைப் பதினோரு தடவை போட்டுப் பார்த்தோம். மக்தூம் மட்டும் சிரிக்கவில்லை.

வீடியோவின் ஓரத்தில் சந்தியாவும் இருந்தாள். அவளைப் பின்சீட்டில் ஏற்ற வீட்டு வாசலில் ஸ்டூல் போட வேண்டியிருந்தது என்று பாஸ்கர் சிரித்தபடி போனில் சொல்லியிருந்தான். அவளும் ஐந்தடிதான்.

லீவு முடிந்து திரும்பி வந்தான். வண்டியைக் கவர் போட்டு மூடிவிட்டு வந்திருந்தான். ஜூன் போனது. ஜூலையில் ஒரு மத்தியானம், கடை வாசலில் சந்தியாவின் வீடியோ கால் வந்தது. பள்ளிக்கூடத்து வாசல். யூனிபார்மில் மகள். பக்கத்தில் சிவப்பாக ஒரு ஸ்கூட்டர்.

"யாரு வண்டி இது?" என்று கேட்டான்.

"நம்மளுதுதான். அந்த உயர வண்டியக் குடுத்துட்டு இத எடுத்தேன்."

பாஸ்கர் கத்திய கத்தலில் பழனிச்சாமி சாயாவைச் சிந்திவிட்டான். "யாரக் கேட்டு வித்த? எத்தன அளவு எடுத்து, எத்தன வண்டி பாத்து எடுத்தேன் தெரியுமா?"

அவள் குரல் உயரவேயில்லை. "நீங்க அவர விழவச்சுட்டுப் போயிட்டீங்க. இருபத்திமூணு நாளு, தெனமும் காலைல பாப்பாவக் கூட்டிட்டு அவரு வாசல்ல நின்னேன், அண்ணே கொஞ்சம் ஸ்கூல்ல விட்டுருங்கன்னு. அவரு பல்லு வெளக்கி, குளிச்சு, சாமி கும்பிட்டு, மெதுவா வெளிய வந்து, 'ஏம்மா, உங்க உயர வண்டி என்னாச்சு'ன்னு கேப்பாரு. அதக் கேட்டப்புறந்தான் சாவியத் தேடுவாரு. பாப்பா தெனமும் லேட்டு. நீங்க வாங்குன பழிக்கு நான்தானே பதில் சொன்னேன்?"

"அதுக்கு? என்னைக் கேக்க வேணாமா?"

"ஆர்சி யாரு பேருல இருக்கு?"

டேப் கொடுத்த கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவளே மேலே சொன்னாள். "நேத்து அவரு வண்டி ரிப்பேரு. ஸ்கூட்டர் சாவி கேட்டு நம்ம வாசல்ல வந்து நின்னாரு."

"குடுத்தியா?"

"பாப்பாவுக்குச் சோறூட்டி முடிக்கிற வரைக்கும் நிக்க வச்சேன். அப்புறம் அவருகிட்டயும் ஆர்சி யாரு பேருலன்னு இதத்தான் கேட்டேன். பஸ்ஸுக்கு நடந்து போனாரு. நான் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு அவரத் தாண்டித்தான் கடைக்குப் போனேன். ஹார்ன் அடிச்சேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். இரண்டு வருடமாக நாங்கள் வாசலில் உட்கார்ந்து போட்ட திட்டமெல்லாம் அவள் ஒரே நாளில் செய்ததற்கு ஈடாகாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பாஸ்கருக்கு ஆர்டர் வந்து போன் அலறியது. ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவன் போகாமல் என்னைப் பார்த்து நின்றான்.

"பாய், அடுத்த லீவுக்குப் போனா எனக்குச் சாவி குடுப்பாளா?"

"கேட்டுத்தான் பாக்கணும்" என்றேன்.