'யாரு பொறுப்பு?' என்று கேட்ட வளர்மதி

தினேஷ் அழைத்தபோது நான் நீதிமன்ற வளாகத்தில் நின்றிருந்தேன். "வளர்மதி போயிட்டா" என்றான். எங்கே என்று கேட்க வாயெடுத்தவள், அவன் குரலில் இருந்ததைப் புரிந்துகொண்டு நிறுத்தினேன். அப்படியும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யாரு சொன்னா? நீ பாத்தியா?" என்பதுதான். சில மாதங்களுக்கு முன் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ அவளுக்கு அஞ்சலி போட்டுவிட, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அவள் "இன்னும் இல்ல. யாரு சொன்னாங்கன்னு கேட்டீங்களா?" என்று பதில் எழுதியிருந்தாள். இந்த முறை தினேஷ் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருந்தான். ரத்தப் புற்றுநோய். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

சர்வதேசச் சட்டமும் பாதுகாப்பும் என்ற முதுகலைப் படிப்பில் நாங்கள் புதுச்சேரியில் ஒன்றாகச் சேர்ந்தோம். ஏன் இந்தப் படிப்பு என்று முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. ஐ.நா. சபை என்றான் ஒருவன். வெளியுறவுப் பணி என்றான் தினேஷ். கருவடிக்குப்பத்தில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததைத் தள்ளிப்போட வந்த நான், மனித உரிமை என்றேன். வளர்மதி எழுந்து, "தெரிஞ்சிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தவளக்குப்பத்துக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு மீனவக் குடும்பம் அவளுடையது. எங்களைவிட நான்கைந்து வயது மூத்தவள்.

கூடப் படித்த நண்பர்களே, அவளை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை. உள்நாட்டுப் போர்கள் பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் பிறகு சீருடை இல்லாத இருவர் விடுதிக்கு வந்து, நம்மில் ஒருவனை அவன் அங்கே பேசிய வார்த்தைகளை அப்படியே சொல்லி விசாரித்தார்கள். அறைக்குள் பேசியது வெளியே எப்படிப் போனது? கல்லூரி வாசலுக்கு எதிர் டீக்கடையில், முடியை ஒட்ட வெட்டிய ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரரோடு வளர்மதி வாராவாரம் பேசிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருந்தோம். அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அவளும் அதைக் கவனித்தாள். ஆனாலும் நாள்தோறும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஒருநாள் கேன்டீனில் நான் நேராகவே கேட்டுவிட்டேன். "அந்த ஆளு போலீசா?"

"ஆமா, போலீசுதான்" என்றாள். "எங்கண்ணன பத்தித் தகவல் கேக்கப் போறேன்."

அவள் அண்ணன் குமரேசன் வளைகுடா நாடொன்றுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர். அவர் இருந்த விசைப்படகு எல்லை தாண்டிவிட்டதென்று இன்னொரு நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"படகு ஒரு நாட்டுது. மொதலாளி வேற நாட்டுக்காரன். புடிச்சவன் இன்னொரு நாட்டுக்காரன். எங்கண்ணன் மட்டும் யாருக்கும் சொந்தமில்லன்றாங்க. யாரு பொறுப்புன்னு கேட்டா ஒவ்வொருத்தனும் அடுத்தவன காட்றான். அதான் படிக்க வந்தேன்."

"எங்கள பத்தி அவரு கேட்டாரா?"

"கேட்டாரு. அண்ணன பத்தி நான் விசாரிச்சி சொல்றேன், கிளாஸ்ல யாரு இன்னா பேசறாங்கன்னு நீ சொல்லுன்னாரு. சொல்லல." டீயை ஒரு வாய் குடித்தாள். "ஆனா சொல்லலன்னு நான்தான சொல்றேன்? அத வச்சி நம்பிடாத."

நான் முழுதாக நம்பவில்லைதான். கடைசிப் பருவத்தில்தான் உண்மை வெளிவந்தது. கருத்தரங்கைக் கைபேசியில் பதிவுசெய்து, பெருமைக்காகப் பல குழுக்களுக்கு அனுப்பியவன் விசாரிக்கப்பட்டவனின் அறைத்தோழன். அவனே ஒப்புக்கொண்டான். வளர்மதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவன் ஒருத்தன்தான்னு உறுதியா தெரியுமா?" என்று கேட்டாள்.

வகுப்பிலும் அப்படித்தான். ஓர் ஒப்பந்தத்தின் விதியைப் பேராசிரியர் வாசித்து முடித்ததும் எழுந்தாள். "'இயன்றவரை'னு ஒரு வார்த்தை வருதே சார், அது யாருக்காகப் போட்டது?" பேராசிரியர் சிரித்துவிட்டார். "அது இல்லன்னா ஒரு நாடும் கையெழுத்துப் போட்டிருக்காதும்மா." அவள் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையின் கீழ் பேனாவால் அழுத்திக் கோடு போட்டாள்.

அவளுடைய இந்தக் குணத்தால் தப்பியவன் தினேஷ். நாங்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, கப்பல் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் சார்பில் மீசை முறுக்கிய ஒருவர் சிறப்புரை ஆற்ற வந்தார். படிப்பு முடியும் முன்பே வெளிநாட்டில் வேலை என்றார். எல்லோரும் கைதட்டியபோது வளர்மதி எழுந்தாள்.

"கப்பல் எந்த நாட்டுக் கொடி சார்?"

"பல நாடும்மா."

"அங்க எங்காளுக்கு அடிபட்டா எந்த ஊரு கோர்ட்டுக்குப் போவணும்?"

"அதெல்லாம் அங்க போனதும் விவரமா சொல்லுவாங்க."

"துப்பாக்கி குடுப்பீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தினேஷ் மறுநாளே அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான்.

வளர்மதி என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, "தட்டாஞ்சாவடிக்கு வுடு" என்றாள். அந்த நிறுவனத்தின் முகவரியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறை இருந்தது. உருகிய பிளாஸ்டிக் நெடி தாங்கவில்லை. வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னார்: "முன்பக்க ரூம வாடகைக்கு எடுத்தாங்க. போர்டு மாட்னாங்க, போட்டோ புடிச்சாங்க. அப்புறம் போர்ட கழட்டிக்கினு போயிட்டாங்க. ஆளே காணோம்."

தினேஷிடம் சொன்னோம். "ஆபீஸ் மாத்தியிருப்பாங்க. உனக்குப் பொறாமை" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். அவள் வாதாடவில்லை. மீசைக்காரரை அவளே அழைத்து, தானும் சேர விரும்புவதாகவும், தினேஷுடைய விசாவுக்கு எந்தப் பக்கங்களை நகல் எடுத்தார்கள் என்று அவன் பாஸ்போர்ட்டில் காட்டினால் அதேபோல் எடுத்து வருவதாகவும் குழைந்து பேசினாள். தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு ஜூஸ் கடைக்கு வரச் சொன்னாள். எங்களையும் கூட்டிப்போனாள்.

அவர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்ததும் அதைப் புரட்டிப் பார்த்து, தினேஷின் சட்டைப்பையில் செருகினாள். அவர் கை நீட்டினார்.

"பாஸ்போர்ட் அரசாங்கத்தோட சொத்து சார்" என்றாள், கடை முழுவதும் கேட்கும்படி. "அது உங்க கையில இருந்ததே தப்பு. விசா வந்தா அவனே கொண்டாந்து குடுப்பான். மொதல்ல அங்க யாரு பொறுப்புன்னு எழுதிக் குடுங்க."

சந்தைக்கு வந்திருந்த அவள் ஊர்ப் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாடி தகராறு?" என்று கிட்டே வந்தார்கள். அவர் குடித்த ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். தினேஷ் அன்று அவளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னாளில் அதே ஆளிடம் போன கடலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், போர் நடக்கும் நாட்டில் பதுங்குகுழி வெட்டிவிட்டுக் காலில் காயத்தோடு திரும்பினார். அவரைத் தேடிப்போய் விசாரித்து வந்தவன் தினேஷ்தான். நேரே வளர்மதி வீட்டுக்குப் போனான். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. பின்னாளில் நோயில் அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டபோதெல்லாம் முதலில் போய் நின்றவன் அவன்.

தேர்வுகள் முடிந்த கோடையில் குமரேசன் விடுதலையானார். விமான நிலையத்தில் அவள் அம்மா கதறி அழுதார். வளர்மதியும் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். வண்டியில் வரும் வழியில் என் காதருகே, "ஏன் இப்ப வுட்டாங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒருநாளாவது சும்மா சந்தோஷமாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது குமரேசன் என்னோடு நடந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். "நான் வந்துட்டேன்னு ஊரே பட்டாசு வெடிச்சிச்சி" என்றார். "இவ மட்டுந்தான் வாசல்லயே நிக்க வச்சி, படகுல கூட இருந்த மத்தவங்க எங்கன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. அன்னியிலேர்ந்து அவங்களத்தான் தேடிக்கினு இருந்தா."

என்னைப்போல் சட்டமும் படித்து வழக்கறிஞரான பிறகு பல ஆண்டுகள் மனுப்போட்டு, தூதரகங்களுக்கு அலைந்து அவர்களில் இருவரை அவள் மீட்டுவந்தது நம்மில் சிலருக்குத் தெரியும். இன்னொருவர் வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு நாடு சொல்கிறது. அப்படி ஒருவரே தங்களிடம் இல்லை என்கிறது மற்றொரு நாடு. இரண்டையும் வளர்மதி நம்பவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வழக்கைத்தான்.

போன வாரம் அந்த மீனவரின் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அந்தப் பொண்ணும் பூட்ச்சி. இனிமே யாரு கேப்பா?" என்றார். நான் கேட்பேன் என்றேன். தலையிலிருந்து கால்வரை என்னை அளப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை என் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எழுதிக்கோ" என்று படகின் பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினார்.